எழுவான்கரையா, படுவான்கரையா: கமராவை எந்தக் கரையில் வைப்பது?

மட்டக்களப்பு வாவியில் ஒரு தோணி வடக்கு நோக்கிப் போகிறது. கிழக்குக் கரையான எழுவான்கரையில் நின்று பார்ப்பவருக்கு அது இடமிருந்து வலமாகப் போகும். மேற்குக் கரையான படுவான்கரையில் நிற்பவருக்கு அதே தோணி வலமிருந்து இடமாகப் போகும். கரையில் நிற்கும் இருவருக்கும் இதில் குழப்பமில்லை. தாங்கள் எந்தக் கரையில் நிற்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியும். திரைக்கு முன்னால் இருப்பவருக்கு அது தெரியாது. ஒரு ஷொட்டை, அதாவது வெட்டாமல் எடுத்த ஒரு படத்துண்டை, எழுவான்கரையிலிருந்தும் அடுத்ததைப் படுவான்கரையிலிருந்தும் எடுத்து ஒட்டினால், தோணி பாதி வழியில் கிறுகித் திரும்பி வருகிறது என்றே அவர் நினைப்பார்.

இயக்குநர்களும் ஒளிப்பதிவாளர்களும் '180 பாகை விதி' என்று சொல்வது இவ்வளவுதான். படப்பிடிப்புத் தளத்தில் சுருக்கமாகக் 'கோடு' அல்லது 'லைன்' என்பார்கள். ஒருவரையொருவர் பார்க்கும் இருவருக்கும் இடையில், அல்லது நகரும் ஒன்றின் பாதை வழியே, கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு ஓடுகிறது. அந்தக் கோட்டை வாவி என்று வைத்துக்கொள்ளுங்கள். காட்சியின் முதல் ஷொட்டை எந்தக் கரையிலிருந்து எடுத்தீர்களோ, மற்ற ஷொட்டுகளையும் அந்தக் கரையிலிருந்தே எடுக்க வேண்டும். அந்தக் கரையின் 180 பாகைக்குள் கமரா எங்கு வேண்டுமானாலும் போகலாம், கிட்டப் போகலாம், எட்டப் போகலாம், மரத்திலும் ஏறலாம்.

உதைபந்தாட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்ப்பவர்கள் இதை ஏற்கெனவே அறிவார்கள், பெயர்தான் தெரியாது. பிரதான கமராக்கள் மைதானத்தின் ஒரே நீளப்பக்கத்தில்தான் இருக்கும். எதிர்ப்பக்கத்திலிருந்து எடுத்த காட்சியைக் காட்டும்போது பெரும்பாலும் அது எதிர்க்கோணம் என்று எழுத்திலே போடுவார்கள். போடாவிட்டால் சொந்தக் கோலுக்கே அடித்துவிட்டார்கள் என்று தோன்றும்.

விதியைச் சொல்வது இலகு. மண்ணில் இறங்கி, வெயிலும் சனமும் நேரமும் நெருக்கும்போது அதைக் காப்பாற்றுவதுதான் வேலை. ஆகவே ஒரு சின்னக் காட்சியை எடுத்துக்கொள்வோம். இடம் கல்லடிப் பக்கம், கடலிலிருந்து வாவி நோக்கி ஓடும் ஓர் ஒழுங்கை. நேரம் காலை ஏழு மணி. ஒழுங்கையின் தெற்குப் பக்கத்தில் ஒரு வீடு. படலைக்குள் மாமி வடக்குப் பார்த்து நிற்கிறார். கடற்கரையிலிருந்து சைக்கிளில் வந்த மீன்காரர் ஒழுங்கையில் நின்று தெற்கே அவரைப் பார்க்கிறார்.

"என்ன மீன் மனே கிடக்கு?"

"கீரியும் பாரையும் கிடக்கு மாமி."

"விலையைச் சொல்லு, மறுகா பார்ப்பம்."

இவ்வளவுதான் காட்சி, ஒரு நிமிடம்கூட வராது. இருவருக்கும் இடையிலான கோடு வடக்குத் தெற்காக ஓடுகிறது, வாவியைப் போலவே. கமரா கோட்டுக்குக் கிழக்கே நிற்கலாம், மேற்கே நிற்கலாம். மேற்கே, அதாவது படுவான்கரையில் நின்று கிழக்கே பார்த்தால், மீன்காரர் சட்டகத்தின் இடப்பக்கத்தில் நின்று வலப்பக்கம் பார்ப்பார். மாமி வலப்பக்கத்தில் நின்று இடப்பக்கம் பார்ப்பார். கிழக்கே போனால் இது அப்படியே மாறிவிடும். இரண்டுமே சரி. கலந்தால்தான் பிழை.

கலந்தால் என்ன ஆகும்? மீன்காரரின் முகத்தைப் படுவான்கரையிலிருந்து எடுத்தீர்கள், அவர் வலப்பக்கம் பார்க்கிறார். மாமியின் முகத்தை எழுவான்கரைக்குப் போய் எடுத்தீர்கள், அவரும் வலப்பக்கம் பார்க்கிறார். ஒட்டிப் பார்த்தால் இருவரும் ஒரே திசையில் யாரோ மூன்றாவது ஆளைப் பார்த்துப் பேசுவதுபோல இருக்கும். பார்வையாளர் 'கோடு தாண்டிவிட்டார்கள்' என்று சொல்லமாட்டார். காரணம் தெரியாமல் ஒரு நொடி தடுமாறுவார், அந்த நொடியில் சொன்ன வசனம் அவர் காதில் விழாது.

எந்தக் கரை என்பதைத் தீர்மானிக்க நம் பகுதியில் முதல் சாட்சி சூரியன்தான். காலையில் அது கடலிலிருந்து எழும். எழுவான்கரையில் கமரா வைத்தால் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால். முகங்கள் நன்றாகத் தெரியும், ஆனால் வெளிச்சம் தட்டையாக விழும், நடிப்பவர்கள் கண்ணைச் சுருக்குவார்கள். அதோடு ஏழு மணிக்கு ஓர் ஆளின் நிழல் அவர் உயரத்தின் மூன்று மடங்குக்கும் மேல் நீளும். உங்கள் நிழலும் ட்ரைபொட்டின் நிழலும் மாமியின் மடியில் போய் விழும். படுவான்கரையில் வைத்தால் சூரியன் நடிப்பவர்களுக்குப் பின்னால். தலைமுடியிலும் தோளிலும் ஒளிக்கோடு விழுந்து, பின்னணியிலிருந்து ஆட்களைப் பிரித்துக் காட்டும். முகம் மட்டும் நிழலில் இருக்கும். அதற்கு ஒரு வெள்ளை ரிஜிபோம் தகடு போதும். 3 அடிக்கு 4 அடி அளவில் ஒன்றை முகத்திலிருந்து ஒன்றரை மீற்றர் தூரத்தில், கண்மட்டத்துக்குச் சற்று மேலே பிடித்தால் நிழல் தெளியும். கீழேயிருந்து பிடித்தால் முகம் பேய்க்கதை முகமாகிவிடும். ஆகவே இந்தக் காட்சிக்குப் படுவான்கரை. போனில் எடுப்பவர்கள் ஒளியளவையும் குவியத்தையும் பூட்டிவிட்டுத்தான் பதிவைத் தொடங்க வேண்டும். பூட்டாவிட்டால் பின்னாலிருந்து வரும் வெளிச்சத்துக்கு ஏற்ப ஒவ்வொரு ஷொட்டிலும் முகத்தின் வெளிச்சம் மாறும்.

சூரியன் மணிக்கு 15 பாகை வீதம் நகர்கிறது, நம் அகலாங்கில் அது ஏறக்குறைய நேராக மேலே ஏறும். கடிகாரத்தைவிட நிழலைப் பாருங்கள். உங்கள் நிழல் உங்கள் உயரத்துக்குச் சமமானால் சூரியன் 45 பாகைக்கு வந்துவிட்டது. பருவத்தைப் பொறுத்து ஒன்பது, பத்து மணிக்குள் இது நடக்கும். அதற்குப் பிறகு கண்குழியில் கறுப்பு விழத் தொடங்கும். ஏப்ரல் இரண்டாம் வாரத்தை ஒட்டியும் செப்டெம்பர் தொடக்கத்திலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும், நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிடும். அந்த நேரத்தில் எந்தக் கரையும் உதவாது. மரநிழலுக்குள் போங்கள், அல்லது சாப்பாட்டுக்குப் போங்கள். மாலையில் கணக்கு முழுவதும் தலைகீழ்: காலையில் படுவான்கரையில் எடுத்த காட்சியை மாலையில் தொடர்ந்தால் சூரியன் இப்போது உங்கள் முதுகில். வெளிச்சம் பொருந்தவில்லை என்று கரை மாறினால் கோடு உடையும், மாறாவிட்டால் வெளிச்சம் உடையும். காட்சியைக் காலையிலேயே முடிப்பது தவிர வேறு மருந்தில்லை.

மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த இயக்குநர் பாலு மகேந்திரா இயற்கை ஒளியை நம்பியவர். தன் படங்களைத் தானே இயக்கி, தானே ஒளிப்பதிவு செய்து, படத்தொகுப்பும் செய்தவர். மூன்று வேலையும் ஒரே தலைக்குள் இருந்தால் கோடு, வெயில், வெட்டு மூன்றும் ஒரே முடிவாகிவிடும். நான்கு பேர் கொண்ட குழுவோடு குறும்படம் எடுக்கும் உங்கள் நிலையும் கிட்டத்தட்ட அதுதான். வசதிக் குறைவு என்று அதை நினைக்க வேண்டியதில்லை.

இனி ஷொட்டுகள். முதலில் மாஸ்டர் ஷொட். இருவரும் படலையும் ஒழுங்கையும் தெரியும்படி அகலமாக, காட்சி முழுவதையும் வெட்டாமல் ஒருமுறை எடுங்கள். பார்வையாளரின் கையில் நீங்கள் கொடுக்கும் வரைபடம் இது. யார் எந்தப் பக்கம் என்பதை இதிலிருந்துதான் அவர் மனதில் பதிவுசெய்கிறார். பிறகு இரண்டு தோள்மேல் ஷொட்டுகள்: மாமியின் தோளுக்கு மேலாக மீன்காரர், மீன்காரரின் தோளுக்கு மேலாக மாமி. இந்த இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். ஒன்றில் கமரா கோட்டிலிருந்து 30 பாகை விலகியிருந்தால் மற்றதிலும் 30 பாகை. ஒன்றில் 2 மீற்றர் தூரம் என்றால் மற்றதிலும் 2 மீற்றர். லென்ஸ் அளவும் ஒன்றே. 50 மில்லிமீற்றர் லென்ஸில், போனில் ஏறக்குறைய இரண்டு மடங்கு சூமில், 2 மீற்றர் தூரத்தில் சுமார் 80 சென்ரிமீற்றர் உயரம் விழும். தலைக்கு மேல் கொஞ்ச வெளி விட்டால் வயிறு வரை வரும். ஒருவரை 1 மீற்றரிலும் மற்றவரை 3 மீற்றரிலும் எடுத்தால், பேரம் பேசும் இருவரில் ஒருவர்மேல் படம் காரணமில்லாமல் சாய்கிறது. காரணத்தோடு சாய்ந்தால் அது இயக்குநரின் தீர்மானம், காரணமில்லாமல் சாய்ந்தால் கவனயீனம்.

அதன் பின் இருவருக்கும் தனித்தனி முக ஷொட். கோட்டுக்குக் கிட்டப் போகப் போக பார்வை லென்ஸுக்கு நெருங்கும், பார்வையாளருக்கும் நெருக்கம் கூடும். கோட்டை விட்டு விலகினால் பக்கவாட்டு முகம், நாம் வேலிக்கு வெளியே நின்று பார்ப்பவர்கள். மாமி பேரம் தொடங்கும்போது விலகியும், "போன கிழமைக் காசும் கிடக்கு மாமி" என்று மீன்காரர் சொல்லும் இடத்தில் கோட்டுக்குக் கிட்டவும் எடுத்துப் பாருங்கள். நடிப்பை ஒரு துளியும் மாற்றாமல் காட்சி கனத்துவிடும்.

ஒரே ஆளின் இரண்டு ஷொட்டுகளை அடுத்தடுத்து ஒட்டப் போகிறீர்கள் என்றால் கமராவைக் குறைந்தது 30 பாகை நகர்த்துங்கள், அளவையும் தெளிவாக மாற்றுங்கள். பத்துப் பாகை நகர்த்தினால் ஆள் துள்ளியதுபோல் இருக்கும்.

கமராவைச் சரியான கரையில் வைத்தும் கோடு உடைவதுண்டு, அனுபவமுள்ள குழுக்களிலும்கூட. காரணம் பெரும்பாலும் நிழல்தான். மாமியின் தனி முக ஷொட்டை எடுக்கிறீர்கள். மீன்காரர் சட்டகத்தில் இல்லை, கமராவுக்குப் பக்கத்தில் நின்று வசனம் மட்டும் சொல்கிறார். அவர் கமராவின் இடப்பக்கத்தில் நிற்க வேண்டும். இடப்பக்கம் வெயில், வலப்பக்கம் மாமர நிழல். அவர் மெல்ல நிழலுக்கு நகர்ந்துவிடுவார். மாமியின் கண் அவரைத் தேடி வலப்பக்கம் போகும். கமரா ஓர் அங்குலம் அசையவில்லை, ஆனால் பார்வை கரை தாண்டிவிட்டது. ட்ரைபொட்டின் இடப்பக்கத்தில் ஒரு தடியை நட்டு, மீன்காரரின் கண்மட்டத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். ஆள் எங்கு நின்றாலும் மாமி டேப்பைப் பார்த்தால் போதும். கண்மட்டம் முக்கியம். மீன்காரர் சைக்கிளில் உட்கார்ந்திருந்தால் மாமி சற்றுக் கீழேதான் பார்ப்பார்.

மீன்காரர் வரும் ஷொட்டில் இன்னொரு கோடு இருக்கிறது. அவர் கடலிலிருந்து மேற்கே வருகிறார், ஆகவே நகர்வின் கோடு கிழக்கு மேற்காக ஓடுகிறது. நின்று மாமியைப் பார்த்ததும் பார்வையின் கோடு வடக்குத் தெற்காகிறது. கமரா வடமேற்கு மூலையில் இருந்தால் இரண்டும் ஒத்துப்போகும்: அவர் இடமிருந்து வலமாக வருவார், நின்று வலப்பக்கம் பார்ப்பார். தென்மேற்கில், வேலியோரமாக வைத்தால் வலமிருந்து இடமாக வந்து, பிறகு வலப்பக்கம் பார்ப்பார். ஒரே ஷொட்டில் அவர் திரும்புவது தெரிந்தால் குறையில்லை. வருவதையும் நிற்பதையும் வெட்டி ஒட்டினால் உறுத்தும்.

மாமியின் மகள் வீட்டுக்குள்ளிருந்து வருகிறாள் என்று எழுதியிருக்கிறீர்களா? மூன்று பேர், மூன்று கோடுகள். தொடக்கநிலையில் ஒரு வழிதான் பாதுகாப்பு: அவளைக் கமராவுக்கு எதிர்ப்பக்கத்தில், அதாவது மற்ற இருவருக்கும் அப்பால் கிழக்கே நிறுத்துங்கள். படுவான்கரையின் நடுப்பகுதியிலிருந்து எடுத்தால் இடமிருந்து வலமாக மீன்காரர், மகள், மாமி என்ற வரிசை குலையாது. ஒரு சிக்கல் மட்டும் மீதமிருக்கும். மாமி மீன்காரரைப் பார்த்தாலும் மகளைப் பார்த்தாலும் இடப்பக்கமே பார்ப்பார். யாரைப் பார்க்கிறார் என்பது முக ஷொட்டில் புரியாது. பார்வை ஒருவரிடமிருந்து மற்றவருக்கு மாறும் கணத்தை அகல ஷொட்டில் வையுங்கள்.

கோட்டைத் தாண்டவே கூடாதா? தாண்டலாம், பார்வையாளரையும் கூட்டிக்கொண்டு தாண்ட வேண்டும். வெட்டாமல் ஒரே ஷொட்டில் கமரா நடந்து மறுகரைக்குப் போகலாம். மீன்காரர் சைக்கிளை உருட்டிக்கொண்டு மாமிக்கு மறுபக்கம் போனால் கோடே நகர்ந்துவிடும், கமரா நின்ற இடத்தில் நிற்கலாம். சரியாகக் கோட்டின் மேல் கமரா வைத்து, மீன்காரர் நேரே லென்ஸை நோக்கிப் பார்க்கும் நடுநிலை ஷொட் ஒன்றை இடையில் போடலாம். தராசுத் தட்டு, சொப்பிங் பேக்கில் விழும் மீன், எண்ணப்படும் சில்லறை போன்ற இடைச்செருகல் ஷொட்டுகளும் உதவும். ஆனால் இடைச்செருகலுக்குப் பின் புதிய கரையிலிருந்து ஓர் அகல ஷொட் கொடுப்பது நல்லது. பழைய வரைபடம் செல்லாது என்று சொன்னால் புதியதைக் கொடுக்க வேண்டுமல்லவா? கைவசம் இரண்டு மூன்று இடைச்செருகல்களை எப்போதும் எடுத்து வையுங்கள். பத்து நிமிட வேலை, படத்தொகுப்பில் ஒரு நாளை மிச்சப்படுத்தும்.

விதியையே பொருட்படுத்தாத பெரியவர்களும் உண்டு. ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசு பேசுபவர்களுக்கிடையில் கமராவை வைத்து, அவர்கள் கிட்டத்தட்ட லென்ஸைப் பார்த்தே பேசவைப்பார், கோட்டையும் தாராளமாகத் தாண்டுவார். குழப்பம் பெரிதாக வராததற்குக் காரணம் உண்டு. அவருடைய கமரா தாழ்ந்த ஒரே உயரத்தில் நிற்கும், முகங்கள் சட்டகத்தில் ஒரே அளவில் ஒரே இடத்தில் விழும். ஓர் ஒழுங்கைக் கைவிட்டவர் அதைவிடக் கடுமையான இன்னோர் ஒழுங்கைப் பிடித்துக்கொண்டார். தவறிப்போய்க் கோடு தாண்டியவர்கள் ஓசுவைச் சாட்சிக்கு அழைப்பதில் நியாயமில்லை.

பயணக் காட்சிகளுக்கும் இதே கதைதான். கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் பஸ்ஸை ஒரு ஷொட்டில் இடமிருந்து வலமாகக் காட்டினால், ஊர் வந்து சேரும்வரை அப்படியே காட்டுங்கள். திசை மாறினால் மறந்துபோன பொருளை எடுக்கத் திரும்பிப் போகிறார்கள் என்று படும். நம்மூர்ப் பார்வையாளருக்கு இன்னொரு கணக்கும் உண்டு: வடக்கே வரும் பஸ்ஸில் கடல் வலக்கைப் பக்கம்தான் இருக்க வேண்டும். வெளியூர்க்காரர் கவனிக்கமாட்டார், கல்முனைக்காரர் விடமாட்டார். கல்லடியில் 1924இல் திறந்த பழைய இரும்புப் பாலத்துக்குப் பக்கத்திலேயே 2013இல் திறந்த புதிய பாலம் இருப்பதால், ஒன்றில் நடப்பவரை மற்றதில் நின்று எடுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். எடுங்கள். அடுத்த நாள் அதே நடையை மறுபக்கத்தில் தோணியிலிருந்து எடுத்தால் ஆள் திரும்பி நடப்பார் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

எல்லாம் முடிந்து கணினியில்தான் பிழை தெரிந்தால்? ஷொட்டை இடம்வலமாகப் புரட்டிவிடலாம் என்பார்கள். சில வேளை சரிவரும். புரட்டுவதற்கு முன் சட்டைப்பையைப் பாருங்கள், அது வலப்பக்கம் போய்விடும். தலைவகிடு, கைக்கடிகாரம், கன்னத்து மச்சம் எல்லாம் இடம் மாறும். பின்னால் கடைப்பலகையோ வாகன இலக்கத் தகடோ இருந்தால் எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் இடம்வலமாக மாறி உடனே காட்டிக்கொடுக்கும். வெற்று வேலியும் வானமும் மட்டும் பின்னணி என்றால் தப்பலாம்.

தடுப்பதற்கு ஆகும் செலவு ஒரு தாள். முந்தின இரவு மேலிருந்து பார்ப்பதுபோல ஒரு படம் கீறுங்கள்: ஆட்களுக்கு வட்டங்கள், இடையில் ஒரு கோடு, காலைச் சூரியனுக்கு ஓர் அம்புக்குறி, கமரா நிற்கும் இடங்களுக்கு இலக்கங்கள். எல்லா இலக்கங்களும் கோட்டின் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். தளத்தில் அதே கோட்டை மணலில் ஒரு தடியால் கீறிக் காட்டினால் குழுவில் எல்லோருக்கும் புரியும். ஒவ்வொரு ஷொட்டும் முடிந்ததும் ஒருவர் திரையைப் போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளட்டும். அடுத்த ஷொட்டுக்கு முன் அவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "இவர் எந்தப் பக்கம் பார்க்கிறார்?"

மட்டக்களப்பில் இதைப் படிக்கும் பலர் முதலில் எடுக்கப்போவது குறும்படமாக இருக்காது, ஊரில் ஆடும் கூத்தாக இருக்கலாம். அங்கே விதி விநோதமாகிவிடும். கூத்து ஆடும் வட்ட அரங்கான வட்டக்களரியில் சனம் சுற்றிவர இருக்கும், ஆடுபவர் எல்லாப் பக்கமும் கிறுகி ஆடுவார். அவரவர் இருந்த இடமே அவரவர் கரை, யாருக்கும் கோடு தேவையில்லை. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கூத்தைப் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தபோது, பார்ப்பவர் எல்லோரும் ஒரு பக்கத்துக்கு வந்துவிட்டார்கள். ஆட்டத்தையும் அதற்கேற்ப அமைக்க வேண்டியிருந்தது. கமராவும் ஒரு படச்சட்டம்தான், ஆனால் வெட்டுக்கு வெட்டு இடம் மாறும் சட்டம். வட்டக்களரியை இரண்டு கமராவில் எடுப்பதானால் ஒன்றுக்கொன்று எதிரெதிரே வைக்காதீர்கள். வைத்தால் கோடும் உடையும், ஒன்றின் சட்டகத்தில் மற்றதும் தெரியும். கூத்தர் வரவுக்கு நுழையும் வாசலிலிருந்து களரியின் மறுமுனைக்கு ஒரு கோடு போட்டு, இரண்டையும் அதன் ஒரே பக்கத்தில், ஒன்றுக்கொன்று 60 முதல் 90 பாகை இடைவெளியில் வையுங்கள். ஒன்று களரி முழுவதையும் விடாமல் பிடிக்கட்டும், மற்றது முகத்தையும் காலையும் தேடட்டும். இரு மன்னர்கள் வாதம் செய்யும் கட்டத்தில் ஆட்டம் சுழன்று இடம் வலம் மாறும்போது முக ஷொட்டில் நிற்காதீர்கள். அகல கமராவுக்கு வெட்டி, அவர்கள் இடம் மாறி முடிந்த பிறகு முகத்துக்கு வாருங்கள்.